வெற்றுத் தோட்டாவும் வீட்டுப் பட்டறையும்

மனிதன் ஆக்கிய கருவிகளுள் சில, ஒரு நாட்டில் ஒரு பொருளும் மற்றொரு நாட்டில் வேறொரு பொருளும் உடையனவாக விளங்குகின்றன. சுட்டு வெறுமையான தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றப் பயன்படும் அழுத்துபொறி அத்தகையவற்றுள் ஒன்று. முழங்கை உயரமுள்ள ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். அதன் நடுவே மேலும் கீழும் ஓடும் ஓர் எஃகுத் தண்டு. அத்தண்டை இயக்க ஒரு நெம்புகோல். தலைப்பகுதியில் அச்சைத் திருகிப் பொருத்த மரையிட்ட ஒரு துளை. இவ்வளவே அதன் உறுப்புகள். முறுக்குப் பிழியும் அச்சைக் கையாண்ட எவர்க்கும் இதன் இயக்கம் நொடியில் விளங்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பொறியின் பழைய வகைகளைத் தேடி வாங்கி, துரு நீக்கி, வீட்டின் பின்னறையில் மேசைமேற் பூட்டி இயக்குவோர் பலர் உளர். பாட்டனார் பயன்படுத்திய பொறி பேரனுக்கு உரிமையாவது அங்கு இயல்பு. அதே பொறியைக் கொண்டு கிள்ளானிலோ பண்டமாரானிலோ ஒருவர் உரிமமின்றி ஒரு தோட்டாவை நிரப்பினாலும் அது கடுங்குற்றமாகும். ஓரிடத்தில் குடும்பச் சொத்தாக இருப்பது மற்றோரிடத்தில் குற்றத்தின் சான்றாகிறது. இவ்வேறுபாடு மக்களின் இயல்பால் அமைந்ததா, வரலாற்றால் அமைந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சொற்கள் காட்டும் வழி

ஒரு பொருளின் வரலாற்றை அறிய அதன் பெயரை முதலில் வினவுதல் தமிழாசிரியர்க்குப் பழகிய முறை. 'துப்பாக்கி' துருக்கி மொழியின் வழியாக வந்த சொல். 'பீரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்னும் சொல்லோடு உறவுடையது. 'தோட்டா' இந்துஸ்தானியிலிருந்து தமிழிற் புகுந்தது. மலாய் மொழியும் இவ்வாறே கடன் கொண்டது. துப்பாக்கியைக் குறிக்கும் 'செனாப்பாங்' டச்சுச் சொல்லின் திரிபு. குண்டைக் குறிக்கும் 'பெலுரு' போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. கருவியோடு பெயரும் கப்பலேறி வந்தமைக்கு இவை சான்று.

எனினும், கருவியை நிரப்பும் தொழிலுக்குத் தமிழர் வழங்கிய சொற்கள் வேறு வகையின. எரியும் பொடிக்கு 'மருந்து' என்று பெயர். சிறு ஈய மணிகளுக்குச் சமையலறையில் உள்ள 'ரவை'யே பெயராயிற்று. குழலுள் மருந்தை இட்டுக் கோலால் இறுக்குதலைக் 'கெட்டித்தல்' என்றனர். இவை யாவும் வீட்டில் வழங்கும் சொற்கள். துப்பாக்கி அயலிலிருந்து வந்ததாயினும் அதனை நிரப்பும் வேலை ஒரு காலத்தில் வீட்டு வேலையாகவே இருந்தது என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

அடுப்பில் உருகிய ஈயம்

வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கி வழங்கிய காலத்தில், குண்டு வார்ப்பது உலகெங்கும் குடியானவன் செய்த வேலைதான். ஈயம் குறைந்த வெப்பத்தில் உருகும். அடுப்புத் தீயே அதற்குப் போதும். இரு பாதிகளாகத் திறந்து மூடும் இடுக்கி போன்ற அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றினால், ஆறியபின் உருண்டைக் குண்டு கிடைக்கும். துப்பாக்கி ஒன்றை வாங்குவோர்க்கு அதன் குழலளவுக்கேற்ற அச்சையும் உடன் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு துப்பாக்கியின் குழலும் சிறிது வேறுபட்டமையின், அதற்குரிய குண்டை அதன் உடையவனே வார்க்க வேண்டியிருந்தது.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவையே பழைய மருந்து. தமிழகத்தில் நரிக்குறவர் எனப்படும் மக்கள் நாட்டுத் துப்பாக்கியைத் தாமே கெட்டித்துக் காடை, கௌதாரி வேட்டையாடி வாழ்ந்தமையைப் பலர் கண்ணாற் கண்டிருப்பர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவ்வாழ்வு சுருங்கிப் பாசிமணி விற்பனையே அவர்க்குப் பெருந்தொழிலாயிற்று. தோட்டாத் தொழில் வீட்டைச் சார்ந்திருந்த காலத்தின் கடைசிச் சாயலை அவர்களிடமே தமிழகம் கண்டது.

பாளையக்காரர் காலத்தில் தென்பாண்டி நாட்டின் ஊர்கள் தோறும் ஆயுதம் இருந்தது. காவல் தொழில் செய்தோர் வேலும் வாளும் திரிவைத்துச் சுடும் துப்பாக்கியும் வைத்திருந்தனர். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், மக்கள் தம் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் எனப் பிரகடனம் செய்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. வட இந்தியாவில் ஆயுதப் பறிப்பு 1857ஆம் ஆண்டுக்குப் பின்னரே பெரிய அளவில் நிகழ்ந்தது. தமிழகத்திலோ அது அரை நூற்றாண்டுக்கு முன்னரே நடந்துவிட்டது. பின்னர்த் தோட்டத் தொழிலுக்காக மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர், ஆயுதம் நீக்கப்பட்ட ஊர்களிலிருந்தே புறப்பட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

காகிதத் தோட்டா எழுப்பிய புயல்

போர்க்களத்தில் மருந்தைத் தனியாகவும் குண்டைத் தனியாகவும் எடுத்து அளந்து கெட்டிக்கக் காலம் போதாது. ஆகவே ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதச் சுருளில் ஒன்றாகக் கட்டி வைக்கும் முறை படைகளில் பரவிற்று. அதுவே தோட்டாவின் முதல் வடிவம். படைவீரன் காகிதத்தைப் பல்லாற் கடித்துத் திறந்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டிக் குண்டை இறுக்குவான்.

1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு துப்பாக்கிக்குரிய தோட்டா எளிதில் உள்ளிறங்குவதற்காகக் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற செய்தி 1857ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைநிலையத்திலிருந்து பரவிற்று. அதன் பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்த வரலாறு. மார்ச் 29ஆம் நாள் பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். ஏப்ரல் 24ஆம் நாள் மீரத்தில் 85 குதிரைப்படை வீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10ஆம் நாள் பெருங்கிளர்ச்சி வெடித்தது.

இவ்வரலாற்றில் பலர் கருதாது விடும் ஒரு செய்தி உண்டு. அச்சம் பரவத் தொடங்கியவுடன், தோட்டாக்களைக் கொழுப்புப் பூசாமலே கொடுக்கலாம், வீரர் தமக்கு விருப்பமான நெய்யையோ மெழுகையோ தாமே பூசிக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் சனவரி இறுதியிலேயே இசைந்தனர். அதாவது, தோட்டாவின் ஒரு பகுதி வேலையைப் பயன்படுத்துவோன் கையிலேயே விட முன்வந்தனர். காலம் கடந்துவிட்டமையின் அது பயன்படவில்லை. பிறர் ஆக்கிய தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்ற ஐயமே ஒரு பேரரசை உலுக்கிற்று. தோட்டாவை யார் ஆக்குகிறார் என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. நம்பிக்கையையும் ஆட்சியையும் பற்றிய வினாவுமாகும்.

பித்தளைக் கூடு

காகிதத்தின் இடத்தைப் பித்தளை பிடித்தது அடுத்த பெரும் மாற்றம். 1807ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் போர்சித், அடித்தவுடன் தீப்பற்றும் வேதிப்பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே வேட்டைக்காரர் வழக்கில் 'கேப்பு' எனப்படும் சிறு உலோகக் கிண்ணம். சிறுவர் அடித்து மகிழும் பொட்டு வெடியும் இதே தத்துவத்தில் இயங்குவதே.

1866ஆம் ஆண்டில் இருவர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இக்கேப்பைத் தோட்டாவின் அடிப்பகுதியில் பொருத்த வழி கண்டனர். ஒருவர் உல்விச் படைக்கலச் சாலையின் எட்வர்டு பாக்சர்; மற்றவர் அமெரிக்கரான ஹைரம் பெர்டன். அடி விழும்போது கேப்பின் உட்புறம் ஒரு முனையில் மோதவேண்டும். அம்முனையைப் பாக்சர் கேப்பினுள்ளேயே வைத்தார். பெர்டன் கூட்டின் அடியில் வைத்தார். பாக்சர் முறையில் கூட்டின் நடுவே ஒரே துளை. மேலிருந்து ஒரு கம்பியைச் செலுத்தினால் பழைய கேப்பு கீழே விழுந்துவிடும். பெர்டன் முறையில் நடுவே முனையும் பக்கத்தில் இரு சிறு துளைகளும் இருத்தலின் அவ்வாறு எளிதில் தள்ள இயலாது. ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா மேற்கொண்டது. அமெரிக்கரின் முறையை ஐரோப்பியப் படைகள் பல மேற்கொண்டன. அமெரிக்காவில் வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

வெடிக்கும்போது பித்தளைக் கூடு சிறிது விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி, ஆவி பின்னோக்கி வாராமல் தடுக்கிறது. பின்னர்ச் சற்றே சுருங்குகிறது. ஆயினும் பழைய அளவுக்கு முற்றும் திரும்புவதில்லை. அதனை மீண்டும் பயன்படுத்தப் பழைய கேப்பை நீக்கிக் கூட்டை எஃகு அச்சினுள் செலுத்திப் பழைய அளவுக்குக் கொணர வேண்டும். புதிய கேப்பு, மருந்து, குண்டு ஆகியவற்றை முறையே பொருத்த வேண்டும். ஒரு தோட்டாவில் விலை மிக்க பகுதி கூடே ஆதலின், அதனை எறிந்துவிடாது மீண்டும் ஆள்வது சிக்கனமாயிற்று. 1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியோர், கடையிலிருந்து பல நாள் வழித் தொலைவில் இருந்தமையின், இரவில் தீயருகே அமர்ந்து மறுநாளைக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே நிரப்பினர்.

இரு வழிகள்

இவ்விடத்தில் வரலாறு இரு வழிகளாகப் பிரிகிறது. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த கீழ்த்திசை நாடுகளில் தோட்டா அரசின் தொழிற்சாலைக்குள் சென்றது. பூனாவை அடுத்த கிர்க்கியில் 1869ஆம் ஆண்டு தோட்டாத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1878ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தல் தடுக்கப்பட்டது. ஐரோப்பியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. குடகு மக்களும் அவ்விலக்குப் பெற்றனர். காந்தியடிகள் இச்சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் பெருந்தவறுகளுள் ஒன்றாகக் கண்டித்தார்.

இதன் விளைவு நுட்பமானது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, இரட்டைக்குழல் துப்பாக்கியின் காகிதக் கூட்டை வாய் மடித்து மூடும் அழகிய பித்தளைக் கருவிகளைச் செபீல்டு நகரின் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி முதலிய நிறுவனங்கள் செய்து விற்றன. அவற்றை வாங்கித் தம் வீட்டில் தோட்டா நிரப்பிக்கொள்வது ஆங்கிலேய வேட்டைப் பிரியர்க்கு உரிய பொழுதுபோக்காக இருந்தது. குடியானவனுக்கோ, தன் பயிரைப் பன்றியிடமிருந்து காக்க ஒரு துப்பாக்கி பெறுவதே அரிது. வீட்டில் தோட்டா நிரப்புதல் என்னும் செயல் ஒன்றே. செய்பவரின் தோல் நிறத்துக்கேற்ப அது பொழுதுபோக்காகவோ குற்றமாகவோ கருதப்பட்டது.

தமிழகத்தின் பங்கும் இவ்வரலாற்றில் சிறிதன்று. 1889ஆம் ஆண்டில் பிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் திவார் ஆகிய அறிவியலாளர் கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்தைக் கண்டறிந்தனர். மென்மையான கயிறு போன்ற இழைகளாக இருந்தமையின் அது அப்பெயர் பெற்றது. இம்மருந்தை இந்தியாவிலேயே ஆக்க நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903ஆம் ஆண்டு தொழிற்சாலை அமைக்கப்பட்டது. காட்டேரி அருவியின் நீராற்றலிலிருந்து அதற்கு மின்சாரம் கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தனர். 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இந்தியாவின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அருவங்காடு 'மியூனிஷன்ஸ் இந்தியா' நிறுவனத்தைச் சேர்ந்தது. தோட்டாவுக்கு மருந்து ஆக்கும் கை தமிழனுடையதாக இருக்கலாம். ஆக்கிய மருந்தில் ஒரு பிடியும் அவன் வீட்டுக்குச் செல்லலாகாது. இதுவே கீழ்த்திசையின் வழி.

பாக்குவெட்டியும் பொறியும்

மற்றொரு வழி அமெரிக்காவில் வளர்ந்தது. 1884ஆம் ஆண்டில் ஜான் பார்லோ என்பார் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 'ஐடியல்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் விற்ற கைக்கருவி நம் பாக்குவெட்டியை ஒத்தது. இரு பிடிகளையும் சேர்த்து அழுத்தினால் இடையில் வைத்த கூடு அச்சினுள் செல்லும். சட்டைப்பையில் கொண்டு செல்லத்தக்க அளவினது. கருவியோடு பயன்முறை நூலும் வெளியிட்டமையின், தோட்டா நிரப்பும் கலை வேட்டைக்காரனின் அனுபவத்திலிருந்து நூலறிவாக மாறிற்று. 1925ஆம் ஆண்டில் 'லைமன்' நிறுவனம் ஐடியலை விலைக்கு வாங்கி அதே வகைக் கருவியை நெடுங்காலம் தொடர்ந்து செய்தது.

பாக்குவெட்டிக் கருவியில் கைவலிமையே ஆற்றல். பெரிய துப்பாக்கியின் கூட்டை முழு நீளமும் அளவுக்குக் கொணர அது போதாது. எனவே மேசையில் பூட்டும் நெம்புகோற் பொறி பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவின் 'பசிபிக்' நிறுவனம் 1930களில் இத்தகைய பொறியைப் பரப்பிற்று. இரண்டாம் உலகப் போர் வந்தபோது குண்டுக்கும் தோட்டாவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அத்தட்டுப்பாடே புதிய பொறிகளின் தாயாயிற்று. 1943ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், பிரட் ஹண்டிங்டன் என்பவர் தம் தந்தையாரின் சலவைக்கடைப் பின்னறையில் குண்டு ஆக்கும் அச்சுகளைச் செய்யத் தொடங்கினார். வீசியெறியப்பட்ட சிறு தோட்டாக்களின் கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக ஆக்கும் முறை அது. 'ஆர்.சி.பி.எஸ்.' என உலகறிந்த நிறுவனம் அவ்வாறே தோன்றிற்று.

போர் முடிந்ததும் அரசிடம் தேங்கிய மருந்தைக் கன்சாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கிச் சில்லறையாக விற்றார். படையிலிருந்து திரும்பிய இலட்சக்கணக்கானோர்க்குத் துப்பாக்கி பழக்கமாக இருந்தது. பொறியும் மலிந்தது; மருந்தும் மலிந்தது. 1958ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரிச்சர்டு லீ தம் வீட்டுப் பட்டறையில் மிக எளிய நிரப்புக் கருவியைச் செய்து விற்கலானார். மின்னெசோட்டாவின் 'ஹெர்ட்டர்ஸ்' நிறுவனம் தடித்த வார்ப்பிரும்புப் பொறிகளை அஞ்சல்வழி அனுப்பிற்று. பொறி செய்தவரும் வீட்டில் செய்தார். வாங்கியவரும் வீட்டில் ஆண்டார். சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப அங்கு உரிமம் வேண்டுவதில்லை. விற்பனைக்கு ஆக்கினால் மட்டுமே உரிமம் வேண்டும்.

பழம்பொறியைப் பேணுவோர்

அக்காலப் பொறிகளையே இன்று சிலர் தேடிச் சேர்க்கின்றனர். பழைய தையல் பொறியையோ, காலால் மிதிக்கும் அச்சுப்பொறியையோ பேணுவோர்க்கு இவ்வார்வம் எளிதில் விளங்கும். தடித்த வார்ப்பிரும்பு எளிதில் தேயாது. செய்த நிறுவனம் மறைந்தாலும் பொறி மறைவதில்லை.

பேணும் முறையிலும் ஒரு கல்வி உண்டு. முதலில் பொறியைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய எண்ணெய்ப் பிசினையும் துருவையும் நீக்குவர். தொழிற்சாலை பூசிய வண்ணத்தைச் சுரண்டிவிடாமல் காப்பர். அதுவே பொறியின் வயதுக்குச் சான்று. தண்டு தன் துளையில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பர். மிகுதியாக ஆடினால் கூடு அச்சினுள் கோணலாகச் செல்லும். சட்டம் ஒருபுறம் திறந்ததாயின், பேரழுத்தத்தில் வாய் சற்றே விரியக்கூடும். வளையம் போல மூடியதாயின் விரியாது. பழையனவற்றுள் திறந்த சட்டமே மிகுதி. பிந்திய வகை சிலவற்றில், முறுக்கு அச்சில் வில்லையை மாற்றுவது போல, தலைப்பகுதியைச் சுழற்றி அச்சை மாற்றும் வசதியும் உண்டு.

எல்லாவற்றினும் அரிது சிற்றுறுப்புகளைப் பெறுவது. கூட்டைப் பற்றும் தாங்கியை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி செய்தது. ஒன்றினது மற்றொன்றில் பொருந்தாது. ஓர் அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கு விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் உடைய அச்சே பின்னாளில் பொது அளவாயிற்று. அதற்கு மாறான மரையுடைய பொறி கிடைத்தால், அதற்குரிய அச்சையும் தேடியலைய வேண்டும். பொறி அமர்ந்தபின் அதனைத் தாங்கும் மேசையும் கனமாக இருத்தல் வேண்டும். நெம்புகோலை இழுக்கும்போது மேசை அசைந்தால் அளவு பிழைபடும்.

பழம்பொறியைப் போற்றுவோரும் பழைய மருந்தளவைப் பின்பற்றுவதில்லை. மருந்தின் இயல்பு மாறிவிட்டமையின் அரை நூற்றாண்டுக்கு முந்திய நூல் இன்றைக்கு வழிகாட்டியாகாது. பாதரசம் கலந்த பழைய கேப்புகள் பித்தளையை நொறுங்கச் செய்தன. அத்தகைய கூட்டை மீண்டும் நிரப்புதல் ஆபத்தாகும். ஈயப்புகையும் ஈயத்தூளும் நஞ்சாகும். பழமையின்மேல் பற்று இருக்கலாம். பழமையின் பிழையையும் உடன் காத்தல் கூடாது என்பது அத்தொழிலின் முதல் பாடம்.

மலாயாவில் 6 தோட்டாக்கள்

இனி இந்நாட்டின் வரலாற்றுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் சென்ற கம்யூனிஸ்டுப் படையினரிடம் இருந்தவை, பெரும்பாலும் ஜப்பானியர் காலத்தில் பிரிட்டிஷார் வானத்திலிருந்து இறக்கிய ஆயுதங்களும் போரின் இறுதியில் கைப்பற்றியவையும் ஆகும். வெளிநாட்டிலிருந்து வரத்து இல்லாமையின் துப்பாக்கியைக் காட்டிலும் தோட்டாவே அவர்க்கு அரிதாயிற்று. ஆதலால் அரசின் சட்டமும் தோட்டாவையே குறியாகக் கொண்டது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ உடன் வைத்திருப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் விதி அவ்வாண்டிலேயே வந்தது.

அவ்விதியின் கீழ் உயிரிழந்தோருள் தமிழர் நெஞ்சில் நிலைத்தவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய அவர், 1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சிலாங்கூரில் கைது செய்யப்பட்டார். அவர்மேல் சாற்றப்பட்ட குற்றம், ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. இந்திய அரசு அவர் உயிருக்காகப் பரிந்து முறையிட்டது. இந்திய அரசின் பிரதிநிதியாக அப்போது மலாயாவில் இருந்தவர் ஜான் திவி. முறையீடு பயனளிக்கவில்லை. மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அவர் தோழர் பி. வீரசேனன் முதல்நாளே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதியின் அரசியல் குறித்து ஆராய்வோர் மாறுபடலாம். ஆயின் ஒன்று மட்டும் உறுதி. உள்ளங்கையில் அடங்கும் 6 பித்தளைக் கூடுகள் ஒரு மனிதனின் உயிருக்கு நிறையாக வைக்கப்பட்ட நாடு இது. அதே 1949ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒருவர் தம் வீட்டுப் பொறியில் அத்தகைய கூடுகளை ஒரு மாலைப்பொழுதில் நூற்றுக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே காலத்தவர், பொருளும் ஒன்றே. வேறுபட்டது ஆட்சியும் அதன் அச்சமும் மட்டுமே.

பண்டமாரானின் வேலி

1950ஆம் ஆண்டில் ஹரால்டு பிரிக்ஸ் படைநடவடிக்கை இயக்குநராக வந்தபின், காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றும் திட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 5 இலட்சம் பேர் நானூற்றுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். கிள்ளானுக்கும் அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகத்துக்கும் இடையில் உள்ள பண்டமாரான், சிலாங்கூரின் பெரிய புதுக்கிராமங்களுள் ஒன்று. குடியேறியவருள் பெரும்பாலோர் சீனர். சுற்றிலும் இருந்த தோட்டங்களிலும் துறைமுகத்திலும் தமிழர் உழைத்தனர்.

புதுக்கிராமம் என்றால் முள்வேலியும் வாயிற்சோதனையும் ஊரடங்கும் கூடியது. வாயிலில் தேடப்பட்டவை அரிசி, மருந்துப்பொருள், தோட்டா ஆகியவை. சோற்றையும் தோட்டாவையும் ஒரே சட்டியில் வைத்து நோக்கிய காலம் அது. தோட்டங்களின் காவலுக்கெனச் சிறப்புக் காவலர் அமர்த்தப்பட்டனர். அவர்க்குக் கொடுத்த தோட்டா எண்ணிக் கொடுக்கப்பட்டது. எண்ணித் திரும்பப் பெறப்பட்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடும் கணக்கில் அடங்கும். அமெரிக்க வேட்டைக்காரன் சிக்கனத்துக்காகக் கூட்டைப் பொறுக்கினான். மலாயாவின் காவலன் கணக்கு ஒப்புவிப்பதற்காகப் பொறுக்கினான்.

1960ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. ஆயினும் அதன் அச்சம் சட்டத்தில் நிலைத்தது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவும் செய்யவும் உரிமம் வேண்டும் என்றது. அவ்வாண்டில் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு வட்டாரங்களில் அவற்றை வைத்திருப்போர்க்குத் தூக்குத் தண்டனையைக் கட்டாயமாக்கிற்று. 1977ஆம் ஆண்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக்கூட அச்சட்டத்தின்படி மரண தண்டனை விதிக்கப்பட்டு, நாடெங்கும் எழுந்த கலக்கத்தின் பின் அது மாற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டில் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையைக் கூட்டும் தனிச்சட்டமும் பிறந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் கட்டாய மரண தண்டனையும் ஒழிந்தது. உரிமம் வேண்டும் என்னும் விதி மட்டும் தளரவில்லை.

இந்நாட்டிலும் தோட்டா செய்யப்படுகிறது. அதற்குரிய ஆலை, ஒரு காலத்தில் தமிழரும் சீனரும் நிலக்கரி தோண்டிய பத்து ஆராங்கில் உள்ளது. சுரங்கம் 1960ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தோட்டாத் தொழில் அதன் பின்னர் அவ்வூருக்கு வந்தது. அருவங்காட்டைப் போன்றே இதுவும் வேலிக்குள் நடக்கும் தொழில்.

வரலாறு கற்பிப்பது

அமெரிக்கரின் பழக்கமே சிறந்தது என்றோ, இந்நாட்டின் தடையே சிறந்தது என்றோ விரைந்து தீர்ப்புக் கூறுதல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று. வீட்டுப் பட்டறையில் வளர்ந்த உரிமைக்கு அமெரிக்கா கொடுத்துவரும் விலையைச் செய்திகள் அடிக்கடி சொல்கின்றன. துப்பாக்கிச் சாவுகள் அங்கு மிகுதி, இங்கு அரிது. தோட்டக் குழந்தைகள் துப்பாக்கி ஒலி அறியாமல் பள்ளிக்குச் சென்று வருவது சிறிய பேறன்று. அதே வேளையில், இத்தடையின் வேர் மக்களின் நலம் மட்டுமன்று என்பதையும் மறத்தலாகாது. 1801ஆம் ஆண்டில் பாளையங்களிலும், 1878ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும், 1948ஆம் ஆண்டில் மலாயாவிலும் இட்ட தடை, ஆள்வோர் ஆளப்படுவோரை நம்பாமையால் இட்ட தடை. அந்நியர் நீங்கியபின் மக்களாட்சி அத்தடையை மக்களின் காவலாக மாற்றிக்கொண்டது. பழைய சட்டம் புதிய பொருள் பெற்றது.

வகுப்பறையில் 1857ஆம் ஆண்டைப் பற்றிக் கற்பிக்கும்போது பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்பதோடு நின்றுவிடுதல் எளிது. தோட்டாவை யார் செய்தார், யார் எண்ணினார், யார் வைத்திருக்கலாகாது என்று தடுக்கப்பட்டார் என்னும் வினாக்களையும் எழுப்பினால், மாணவர் கட்டபொம்மன் காலத்திலிருந்து கணபதி காலம் வரை ஒரே இழையைக் காண்பர். அவ்விழை அருவங்காட்டின் ஆலை வழியாகவும் பண்டமாரானின் முள்வேலி வழியாகவும் செல்கிறது.

கடல் கடந்த நாட்டில் ஒருவர் பாட்டனாரின் பொறிக்கு எண்ணெயிட்டு மகிழ்வதைக் கேட்டு நாம் வியக்கலாம். அதனைக் கருவியின் வரலாறாகக் கற்கலாம். நமக்கு அப்பொறி வாய்க்காமற் போனதில் இழப்பு ஒன்றும் இல்லை. அது ஏன் வாய்க்கவில்லை என்னும் வரலாற்றை அறியாமற் போனால் அதுவே இழப்பாகும்.